வெள்ளிக்கு இரண்டு எடை

விவேக் நகர், பெங்களூரு
16 பிப்ரவரி 2025

அன்புள்ள ஐரின்,

அம்மா, சோஃபியா, நான் மூவரும் சுகம். நீயும் சுகம் என்று ஞாயிறுதோறும் வீடியோவில் சொல்கிறாய். ஆனால் அம்மா போனைப் பிடிக்கிற அழகில் எங்கள் வீட்டு மின்விசிறியைத் தவிர வேறெதுவும் நீ பார்த்திருக்க மாட்டாய். நாம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் பக்கத்து வீட்டு கிளெமென்ட் அங்கிள் வந்து, பின்லாந்தில் பனி எத்தனை அடி என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்.

அதனால் ஒரு யோசனை. நாம் கடிதம் எழுதிக்கொண்டால் என்ன? சிரிக்காதே. தபாலாபீஸ் இன்னும் திறந்துதான் இருக்கிறது, போய்ப் பார்த்தேன்.

போன வியாழன் நவநாள் முடிந்து கோவில் வாசலில் அம்மா அங்கிளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "எங்க ஐரின் அங்க அணுவை எடை போடறா."

"எந்தத் தராசுலம்மா? மீன் மார்க்கெட் தராசா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீயும் அந்தப் படிப்புதானே, லாயிட்?"

"அதெல்லாம் பழைய கதை, அங்கிள்."

உண்மைதான். பதினோரு வருடமாக நான் பார்ப்பது இன்சூரன்ஸ் மென்பொருள். காலையில் ட்ரினிட்டியில் மெட்ரோ ஏறி வைட்ஃபீல்ட் போய், யார் எவ்வளவு காலம் உயிரோடு இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுவிட்டு, மாலையில் திரும்பி வருகிறேன். அணுக்கருவின் அரை ஆயுளைக் கணக்குப் போட்டவனுக்கு இது ஒன்றும் ரொம்ப தூரமில்லை.

உன் எடை போடும் வேலையை சோஃபியாவுக்குப் புரிகிற மாதிரி எழுது. கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் சொன்னால் கொட்டாவி விடுகிறாள்.

குளிருக்குத் தலையை மூடிக்கொள்.

உன் அண்ணன்
லாயிட்


பின்லாந்து
12 மார்ச் 2025

அன்புள்ள அண்ணா,

கடிதம் நிதானமாக வந்து சேர்ந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்தே எத்தனையோ வருடமாகிவிட்டது. நான் நலம், மூக்கு மட்டும்தான் இன்னும் இந்த ஊருக்குப் பழகவில்லை.

அண்ணிக்குச் சொல்லுங்கள். எங்களிடம் தராசு கிடையாது. பலமான காந்தத்துக்கு நடுவே ஒரு பொறி இருக்கிறது. அதற்குள் அயனிகள் வட்டமடிக்கும். எடை குறைந்தது வேகமாகச் சுற்றும், கூடியது கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். சுற்றும் வேகத்தை வைத்து எடையைச் சொல்லிவிடலாம். நாங்கள் அளப்பவை கடையில் வாங்கக்கூடியவை அல்ல. முடுக்கியில் மோதவைத்துப் பிறப்பிக்கிறோம். சில நொடியில் போய்விடும். அதற்குள் பிடித்து, சுற்றவைத்து, அளந்துவிட வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில அணுக்கருக்கள் அதிக ஆற்றலோடு பிறக்கும். சாதாரணமாக அந்த ஆற்றலை அந்தக் கணமே உதறிவிட்டு அடங்கிவிடும். சிலவற்றுக்கு மட்டும் உதற வழி கிடைக்காது. அப்படியே நொடிக்கணக்கில், சிலசமயம் ஆண்டுக்கணக்கில்கூட நிற்கும். அதைத்தான் ஐசோமர் என்கிறோம். ஆற்றலுக்கும் எடை உண்டு என்பதால் ஐசோமர் ஒரு துளி கனமாக இருக்கும். எவ்வளவு துளி? மூன்று டன் யானையின் முதுகில் பத்து கிராம் பொட்டலம் வைத்த மாதிரி. யானையை எடை போட்டு, பொட்டலம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

ஜூனில் எங்களுக்கு முடுக்கியில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். எந்த அணுக்கரு என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டு மூன்று பேச்சில் இருக்கின்றன.

ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. மேலே கார் ஓட்டுகிறார்கள். நான் நடக்கக்கூடப் பயப்படுகிறேன்.

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்
ஐரின்


விவேக் நகர்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள ஐரின்,

ஈஸ்டர் நல்லபடியாகக் கழிந்தது. அம்மாவின் முட்டி, பாஸ்கா பூசை முழுவதும் நின்று சமாளித்துவிட்டு, மறுநாள் எங்களைப் படுத்தி எடுத்தது. இப்போது தைலத்தால் அடங்கியிருக்கிறது.

உன் யானையை சோஃபியா சத்தமாகப் படித்துக் காட்டினாள். அம்மா கேட்டார்: "அந்தப் பொட்டலத்தை மேல வெச்சது யாரு?" அது நல்ல கேள்வி.

சோஃபியாவும் ஒன்று கேட்டாள். "நீங்களும் இதேதான் செஞ்சீங்களா?"

"அவ பிடிக்கறா. நான் பேப்பர்ல கணக்குப் போட்டேன்."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"அப்பா போய்ட்டாரு. வீட்டுல ஒரு ஆள் வேண்டியிருந்தது."

அவள் நான்காம் வகுப்பு டீச்சர். பொய் சொல்லும் பிள்ளைகளைப் பார்ப்பது போல என்னை ஒரு பார்வை பார்த்தாள்; அதற்குள் குக்கர் கூப்பிட்டது.

வெயில் தாங்கவில்லை. தண்ணீர் லாரிக்காரர் முனிகிருஷ்ணன் இந்த வருடம் பெரிய மனிதராகிவிட்டார். அவர் போனை எடுத்தால் தெருவே அவர் முகத்தைப் பார்க்கிறது. இரண்டு நாளாக மாலையில் இடி மட்டும் இடிக்கிறது.

ஆபீஸில் வேலை நெருக்குவதால் மே, ஜூனில் எழுத முடியாமல் போகலாம். கோபித்துக்கொள்ளாதே. உன் வேலை நன்றாக நடக்கட்டும்.

அண்ணன்
லாயிட்


பின்லாந்து
21 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

அங்கே மழை வந்துவிட்டதாம், அம்மா சொன்னார். அனைவரும் நலம்தானே? இங்கே அருளப்பர் திருநாளை இந்தச் சனிக்கிழமையே கொண்டாடுகிறார்கள். ஊரே ஏரிக்கரைக்குப் போய்விட்டது. நான் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சோதனை முடிந்தது. முதல் பாதி முழுவதும் வீண். முடுக்கியிலிருந்து கற்றை வரும், நிற்கும், வரும். பொறிக்குள் எங்களுக்கு வேண்டாததே நிறைய விழுந்தது. நான்காம் நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நானும் எங்கள் குழுத் தலைவி மார்யாவும் மட்டும் இருந்தோம். அயனிகளைக் கொஞ்ச நேரம் சுற்றவிட்டுப் பிறகு ஒரு தகட்டின்மேல் விழச் செய்வோம். ஒரே எடையுள்ளவை எல்லாம் ஓரிடத்தில் புள்ளியாகச் சேரும். மெல்ல ஒரு புள்ளி திரண்டது. அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்தங்கி, இன்னும் சில விழுந்தன.

மார்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "ஐரின், இது ஒன்றா, இரண்டா?"

அன்று மாலைக்குள் சந்தேகமில்லாமல் இரண்டு.

எது எவ்வளவு எடை என்பது எங்களுக்கே இன்னும் தெரியாது. பிடித்த விடையை நோக்கி மனம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் கணினி எல்லா அளவுகளிலும் ஒரு ரகசிய எண்ணைச் சேர்த்து வைத்திருக்கிறது. பகுப்பாய்வு முழுவதும் முடிந்த பிறகே அதை நீக்குவோம்.

அந்தப் பகுப்பாய்வில் நான் இல்லை. மறுநாள் காலை மார்யாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி நானே விலகிக்கொண்டேன். வேலையை யூஜின் என்ற பையனிடம் கொடுத்துவிட்டார்கள், கெட்டிக்காரன். காரணத்தை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

ஆபீஸ் வேலை குறைந்திருந்தால் எழுதுங்கள், அண்ணா. இந்த முறை சீக்கிரம்.

ஐரின்


விவேக் நகர்
20 ஜூலை 2025

அன்பு ஐரினுக்கு,

ஆண்டவர் கிருபையால் நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் பார்த்து பயந்துவிடாதே. அம்மாவும் உன் அண்ணனும் சுகமாக இருக்கிறார்கள். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. போனில் பேசலாம், ஆனால் இந்த வீட்டில் எங்கே நின்று பேசினாலும் எல்லாருக்கும் கேட்கும், உனக்குத் தெரியாததா?

உன் ஜூன் மாதக் கடிதம் வந்த அன்று சனிக்கிழமை. சமையலறை வாசலில் நின்றபடியே படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டேன். "சோதனை முடிஞ்சுதாம்" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து சாப்பிடும்போது கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் நிமிர்கிறார். கரண்ட் பில்லின் பின்பக்கம் என்னவோ வரைகிறார். கோட்டுக்கு மேல் கோடு, பக்கத்தில் அம்புக்குறி. பரண் ஏறுவதற்கு ஏணி செய்யச் சொல்லி நான் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"ஏணியா?" என்றேன்.

"ஆமா" என்றார்.

பார்த்தால் தெரியாதா? ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஓர் அளவாக இல்லை. அப்படி ஓர் ஏணியில் யாரும் ஏற முடியாது. பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐரின், எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம். அவருக்கு எந்த மீனில் முள் பிடிக்காது, எந்தப் பாட்டுக்குக் கண் கலங்கும் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் பட்டம் எதற்கு வாங்கினார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்டபோதெல்லாம் சிரித்து மழுப்பினார். நானும் போகட்டும் என்று விட்டேன். இப்போது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே வேறெங்கேயோ இருக்கிறார். எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தைவிட, வெளியே நிற்கிறவள் போல ஒரு கூச்சம்.

உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நீயாவது சொல்.

உன் அண்ணி
சோஃபியா


பின்லாந்து
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணி,

வணக்கம். நீங்கள் கேட்டது நியாயம். நானும் பல வருடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

அண்ணனின் ஆராய்ச்சி ஒரு வெள்ளி அணுக்கருவைப் பற்றியது. நாம் போடுகிற வெள்ளி இல்லை; சில நொடிகளே வாழும் ஓர் அரிய வகை. அதற்கு இரண்டு நிலைகள் உண்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே எடையில் நெருங்கி நிற்கும், ஆற்றல் கூடி மேலே உள்ளது ஐசோமர் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அப்படி வேறு யாரும் சொல்லவில்லை. நீங்கள் பார்த்தது ஏணி இல்லை, அண்ணி. அணுக்கருவின் ஆற்றல் நிலைகளை அப்படித்தான் வரைவார்கள்.

அவர் ஆய்வேட்டைக் கொடுத்த சமயத்தில் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று அதே அணுக்கருவை அளந்து வெளியிட்டது. ஒரே ஒரு எடை. அதுவும் அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. ஐசோமர் இல்லை என்றார்கள். அடுத்து ஒரு கருத்தரங்கில் அண்ணன் பேசினார். நான் அப்போது எம்.எஸ்ஸி. மாணவி, இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் எழுந்து, "கணக்கு ரொம்ப அழகா இருக்கு, தம்பி. இயற்கைக்குத்தான் அது தெரியல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

அந்த மாதமே வைட்ஃபீல்டுக்கு விண்ணப்பம் போட்டார். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது; அதையே காரணமாகச் சொன்னார். நாங்களும் நம்பினோம். நம்புவது எங்களுக்கும் வசதியாக இருந்தது.

ஜூனில் நாங்கள் அளந்தது அதே வெள்ளியைத்தான். அளக்க வேண்டும் என்று திட்டம் எழுதிக்கொடுத்ததே நான்தான். பழைய கருவிக்கு அவ்வளவு நெருக்கமான இரண்டைப் பிரித்துப் பார்க்கும் திறன் இருந்திருக்காது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். இரண்டு புள்ளிகளைப் பார்த்த மறுநாளே மார்யாவிடம் சொல்லிவிட்டேன்: இதை முன்பே சொன்னவர் என் அண்ணன், விடையை நான் தொடக் கூடாது.

அண்ணனிடம் எந்த அணுக்கரு என்று நான் சொல்லவில்லை; முடிவாகவில்லை என்று எழுதி மழுப்பினேன். இன்னும் எதுவும் உறுதியில்லை. இரண்டாவது தடவையும் அவர் நொறுங்கினால் அதற்குக் காரணம் நானாகிவிடுவேன். நீங்களும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

அவர் எங்கேயோ இருந்தாலும், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் அங்கே போகிறார், அண்ணி.

அன்புடன்
ஐரின்


விவேக் நகர்
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஐரின்,

இன்று அம்மாவும் சோஃபியாவும் சிவாஜிநகர் மாதா கோவில் கொடியைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். வீட்டில் நான் தனியாகச் சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று எண்ணுகிறேன்.

நேற்று உன் கடிதம் சோஃபியா பெயருக்கு வந்தது. அவள் படித்துவிட்டு என் முன்னால் வைத்தாள். "சொல்ல வேணாம்னு எழுதியிருக்கா. நான் சொல்லல. நீங்களே படிச்சுக்கங்க" என்றாள்.

ஐரின், எனக்குத் தெரியும். ஜனவரியிலிருந்தே தெரியும். உங்கள் ஆய்வகம் எந்த மாதம் எதை அளக்கப் போகிறது என்பதை இணையத்தில் எல்லாருக்கும் தெரியும்படிதானே போட்டு வைத்திருக்கிறது? அதை வருடத்துக்கு ஒருமுறை நான் பார்ப்பதுண்டு. என்ன பழக்கமோ. ஜனவரியில் பார்த்தபோது அந்த வெள்ளி, பக்கத்தில் உன் பெயர்.

வீடியோவில் பேசினால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் கடிதம் எழுதலாம் என்றேன். ஜூனில் எழுதாததும் அதனால்தான். ஆபீஸில் வேலை ஒன்றும் நெருக்கவில்லை. நான் எழுதும் ஒரு வரி உன் கையைச் சாய்த்துவிடக் கூடாது என்று பயந்தேன். நீ விலகியது சரி. நானாயிருந்தாலும் அதையே செய்திருப்பேன். எண் வெளிவரும்வரை என்னிடம் எதுவும் சொல்லாதே.

சோஃபியாவிடம் நேற்று எல்லாம் பேசினேன். "அன்னிக்கு அத்தனை பேரும் சிரிச்சாங்கன்னு என்கிட்ட சொல்றதுக்கு உங்களுக்குப் பத்து வருஷமா?" என்றாள். ரசம் ஆறிப்போயிற்று.

ஒன்றை உனக்கு மட்டும் எழுதுகிறேன். நான் தப்பு என்று வந்துவிடுமோ என்று எனக்குப் பயமில்லை. தப்பு என்றால் விட்டுவிட்டு வந்தது சரி. இத்தனை வருடத்துக்கும் ஒரு நியாயம் கிடைக்கும். நான் சரி என்று வந்துவிட்டால்? இந்தப் பதினோரு வருடத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

அண்ணன்
லாயிட்


பின்லாந்து
19 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா,

நலம். நீங்கள் நலமாக இருக்கும்போதே இது உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போனை எத்தனையோ தடவை எடுத்தேன். நம் வழக்கப்படி தபாலிலேயே வரட்டும் என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை திறந்தோம். யூஜின் ரகசிய எண்ணை நீக்கினான். மார்யா என்னைக் கதவோரம் நிற்கச் சொன்னாள்.

ஐசோமர் இருக்கிறது, அண்ணா. இரண்டு நிலைகளும் நீங்கள் சொன்ன இடைவெளியில், அளவீட்டுப் பிழைக்குள்ளேயே நிற்கின்றன. பழைய ஆய்வகம் அளந்த எடை இரண்டுக்கும் நடுவில் விழுகிறது; இரண்டையும் சேர்த்து ஒன்றாக நினைத்து அளந்திருக்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. அந்தக் கருவிக்கு அவ்வளவுதான் கண்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன் அச்சில் வேகமாகச் சுழலும் நிலை கனமாக மேலே, மெதுவாகச் சுழல்வது கீழே என்று எழுதியிருந்தீர்கள். பொறிக்குள் அதிக நேரம் வைத்திருந்து பார்த்தோம். காத்திருக்கக் காத்திருக்கக் கனமான புள்ளி மங்கியது; கனம் குறைந்த புள்ளி அப்படியே நின்றது. நீண்ட ஆயுள் வேகமாகச் சுழலும் நிலைக்குத்தான் என்று அவை சிதைவதை வைத்துத் தெரிந்தது. ஆக அதுதான் கீழே இருக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டும் இருக்கின்றன, மாறி நிற்கின்றன. மூன்று முறை சரிபார்த்துவிட்டார்கள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இரண்டு நாள் போனது. முழுதாகச் சரி என்றோ முழுதாகத் தப்பு என்றோ எழுத முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

கட்டுரையில் உங்கள் ஆய்வேட்டைக் குறிப்பிடுகிறோம். நான் கேட்கவில்லை. யூஜின்தான் தேடிப் படித்துவிட்டு வந்து, "இந்த லாயிட் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்?" என்று மார்யாவிடம் கேட்டான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

ஐரின்


விவேக் நகர்
16 நவம்பர் 2025

அன்புள்ள ஐரின்,

சுகம். நிஜமாகவே சுகம், மரியாதைக்காக எழுதவில்லை.

காலையில் கிளம்பும்போது தபால்காரர் வாசலில் கொடுத்தார். மெட்ரோவில் படித்தேன். கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் இறங்க வேண்டியவன் கடைசியில்தான் நிமிர்ந்தேன். பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தபோது என் டீம் லீட் ரக்ஷிதா போனில் கூப்பிட்டு, எங்கே இருக்கிறேன் என்று கன்னடத்தில் கேட்டாள்.

"சார், எல்லித்தீரா? மீட்டிங் ஸ்டார்ட் ஆயித்து."

"ரக்ஷிதா, நான் ஒரு விஷயத்துல பாதி சரி, பாதி தப்பு."

"நம்ம ப்ராஜெக்ட்டா சார்?" பயந்துவிட்டாள் பாவம்.

"இல்ல. பழைய ப்ராஜெக்ட்."

அன்று லீவு போட்டேன். வீட்டுக்கு வந்து பரணிலிருந்து ஆய்வேட்டை இறக்கினேன். என் இருபத்தொன்பது வயதின் தமாஷ் எல்லாம் அதில் இருக்கிறது. எவ்வளவு திமிராக எழுதியிருக்கிறேன்! எங்கே தப்பு நடந்திருக்கும் என்று அந்த வாரத்திலேயே கண்டுபிடித்தேன். கடைசிப் புரோட்டானுக்கும் நியூட்ரான்களுக்கும் நடுவே உள்ள ஈர்ப்பை நான் நேரடியாகக் கணக்கிடவில்லை. பக்கத்து அணுக்கருவில் பார்த்த அளவையே இதற்கும் வைத்துக்கொண்டேன். இது பக்கத்து அணுக்கரு இல்லையே. சரிசெய்தால் இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருக்க, இரண்டும் இடம் மாறுகின்றன. நீ அளந்தபடியே.

ஐரின், அந்த இடத்தைக் கண்டதும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அம்மா பயந்து எட்டிப் பார்த்தார். அன்று அந்த அரங்கில் என்னை யாரும் மறுத்துவிடவில்லை, கேலிதான் செய்தார்கள். எங்கே தப்பு என்று எவரும் காட்டவில்லை. இப்போது காட்டியிருக்கிறீர்கள். மரியாதையாக, எண்ணோடு.

பதினோரு வருடத்தை எங்கே வைப்பது என்று உன்னைக் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு இப்போது தூங்க முடிகிறது.

என்னோடு படித்த அனந்தபத்மநாபன் இங்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறான். அவனுக்கு எழுதினேன். ஜனவரியில் வந்து பேசு என்கிறான். எதைப் பேச என்றேன். "நீ எங்க தப்புப் பண்ணேன்னு பேசு. அதை யாரும் பேசறதில்ல" என்றான். சோஃபியாவும் வருவேன் என்கிறாள். கொட்டாவி வரும் என்று எச்சரித்திருக்கிறேன்.

நீ செய்ததற்கு நன்றி என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது. அதனால் எழுதவில்லை.

அண்ணன்
லாயிட்


விவேக் நகர்
9 ஜனவரி 2026

அன்பு ஐரினுக்கு,

குழந்தை இயேசு உன்னைக் காக்கட்டும். கோவில் திருவிழாவுக்கு வீதியெல்லாம் விளக்குக் கட்டிவிட்டார்கள். எல்லாரும் சுகம். உன் அண்ணன் நேற்று அந்த ஆய்வு நிறுவனத்தில் பேசினார். அவரிடம் கேட்டால் "ஓ.கே." என்றுதான் எழுதுவார். அதனால் நான் எழுதுகிறேன்.

அவருக்குச் சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்ததும் நான்தான், அங்கே போய் வியர்த்து நனைந்ததைப் பார்த்ததும் நான்தான். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண், "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஃபோர்த் ஸ்டாண்டர்டு" என்றேன். அவள் அதற்குமேல் பேசவில்லை.

முதல் ஐந்து நிமிடம் அவர் குரல் வீட்டில் பேசும் குரலாகவே இருந்தது. பிறகு திரையில் அந்தக் கோடுகள் வந்தன. அங்கிருந்து அது வேறு குரல், ஐரின். உயரவில்லை, வேகமாகவும் இல்லை. எதை முதலில் சொல்ல வேண்டும், எதை நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஒருவரின் குரல். பத்து வருடத்தில் நான் கேட்காத குரல். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனாலும் கொட்டாவி வரவில்லை.

தன் பழைய கணக்கைக் காட்டி, "இது தவறு" என்றார். பிறகு உன் இரண்டு புள்ளிகளைக் காட்டினார். ஒரு மாணவன் எழுந்து, "அப்படியென்றால் உங்கள் கோட்பாடு தோற்றுவிட்டதா, சார்?" என்று கேட்டான். அவர், "ஆமாம். எங்கே தோற்றது என்று இப்போது தெரியும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் தலை நரைத்த ஓர் அம்மா என்னவோ எழுதிக்கொண்டார்.

அப்போது நான் கை தூக்கினேன். ஏன் என்று கேட்காதே. அனந்தபத்மநாபன் என்னைத் தெரியாமல், "யெஸ், மேடம், பின்னால்" என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்: "இந்தத் தப்பை அன்றைக்கே யாராவது உங்களுக்குக் காட்டியிருந்தால், நீங்கள் இந்த வேலையை விட்டுப் போயிருக்க மாட்டீர்கள்தானே?"

அவர் என்னையே பார்த்தார். கையிலிருந்த மைக்கை மேஜைமேல் வைத்தார். அங்கே பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர் தமிழில்தான் பதில் சொன்னார்.

"போயிருக்க மாட்டேன், சோஃபி. எங்கயோ வெளிநாட்டுல இருந்திருப்பேன். உன்னைப் பார்த்தே இருக்க மாட்டேன். இந்த ரெண்டையும் வெச்சு எடை போட்டுச் சொல்லுன்னு மட்டும் என்னைக் கேக்காத. இங்க இருக்கற யாராலயும் அது முடியாது."

பக்கத்திலிருந்த பெண், "என்ன சொன்னார்?" என்று என்னிடம் கேட்டாள். "என் கேள்விக்குப் பதில் தெரியாதாம்" என்றேன்.

அவர் மைக்கை மறுபடி எடுத்து அடுத்த கேள்விக்குத் திரும்பினார். அதை நான் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணு.

அண்ணி
சோஃபியா